உதறிட்டு நனைக்கணும்

என் மனைவி ஒரே மூச்சில் திட்டக்கூடியவள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். நேற்றுக் கொடுத்த துணியை இன்றைக்கே கேட்டு வாசலில் வந்து நின்ற ஓர் ஆளை அவள் வாங்கு வாங்கென்று வாங்கியதைக் கடிகாரம் பார்த்து அளந்திருக்கிறேன். நடுவில் மூச்சு வாங்காமல் நாற்பது நொடி. அளப்பது என் தொழில், அதனால் அளந்தேன். இன்றைக்கு அவளால் “தண்ணி கொண்டாங்க” என்று சொல்வதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த மூச்சு எங்கே போனது என்றுதான் சொல்லப்போகிறேன். போனதற்கு முதல் காரணம் நான். அவள் அப்படிச் சொல்ல மாட்டாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் தையல்காரி. பெரிய கடை கிடை எல்லாம் இல்லை. மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டு முன் அறைதான் கடை. ஜன்னல் ஓரம் மிதி மெஷின், சுவர் நீளத்துக்கு ஒரு கம்பி, கம்பியில் தெருவில் பாதிப் பேருடைய துணி. பேண்ட்டின் காலைக் குறைப்பது, இறுகிப்போன இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. புதிதாகத் தைப்பதைவிடப் பழையதைச் சரி பண்ணுவதில்தான் அவளுக்கு ருசி. “புதுசு தைக்க யாரால முடியாது? கிழிஞ்ச இடம் தெரியாம தைக்கணும், அதுக்குத்தான் கை வேணும்” என்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒருமுறை பதில் சொன்னாள், அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

நாங்கள் பழகியதே ஒரு கிழிசலில்தான். கை ஓரம் கருகிப்போன என் வேலைக் கோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அப்போது அவள் அம்மா வீட்டில் இருந்தாள். கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அடுப்புக்குள்ள கையை விட்டீங்களா?”

“அடுப்பு இல்லைங்க. உலோகம். அந்தரத்துல மிதந்துக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு விழுந்துடுச்சு.”

“உலோகம் மிதந்துச்சா?” என்று என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். “ஆளைப் பாத்தா ஒழுங்காத்தான் தெரியுது. சரி, வியாழக்கிழமை வாங்க.”

புதன்கிழமையே போய் நின்றேன். திட்டு வாங்கினேன். அடுத்த வருடம் கல்யாணம் ஆயிற்று.

மிதந்தது என்றால் நிஜமாகவே மிதந்தது. நான் வேலை பார்ப்பது உலோகங்களை ஆராய்கிற ஒரு கூடத்தில். ஆராய்கிறவன் நான் இல்லை, எந்திரத்தை ஓட்டுகிறவன். பென்சில் பருமன்கூட இல்லாத செப்புக் குழாயைக் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குச் சுருளாக வளைப்பேன். கீழே நாலு சுற்று, மேலே எதிர்ப்பக்கமாக இரண்டு சுற்று. வளைக்கும்போது நசுங்காமல் இருக்கக் குழாய்க்குள் மணலை நிரப்பிக்கொள்வேன், பிறகு தட்டிக் கொட்டிவிடுவேன். சுருளின் உள்ளே தண்ணீர் ஓடும், செம்பில் மின்சாரம் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திசை மாறி ஓடும். பட்டாணி அளவு உலோகக் குண்டை நடுவில் வைத்து மின்சாரத்தை ஏற்றினால், அது எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். நின்றபடியே சிவந்து, மஞ்சளாகி, உருகித் தளும்பும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்குச் சலிக்கவில்லை.

எதற்கு இந்த வித்தை என்று கேட்பீர்கள். பாத்திரம் கூடாது, அதற்குத்தான். நாங்கள் உருக்குகிற உலோகம் அந்தச் சூட்டில் எந்தப் பாத்திரத்தில் வைத்தாலும் பாத்திரத்தையே அரித்துத் தின்னும். தின்றால் அழுக்காகிவிடும், அப்புறம் அளந்ததெல்லாம் பொய். பாத்திரமே இல்லை என்றால் அழுக்கு ஏது? இன்னொன்றும் உண்டு. தண்ணீருக்கு உறைகிற சூடு ஒன்று இருக்கிறதில்லையா, அதுபோல உலோகத்துக்கும் உண்டு. ஆனால் எதுவும் தொடாத சுத்தமான சொட்டு, உறைய வேண்டிய சூட்டைத் தாண்டிக் கீழே போன பிறகும் உறையாமல் திரவமாகவே நிற்கும். நூறு டிகிரி, இருநூறு டிகிரி என்று கீழே போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் பளிச்சென்று ஒரு வெளிச்சம் விட்டு இறுகிவிடும். எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பெருமை எங்களுக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி அதன்மேல் உட்கார்ந்தால் போச்சு, அந்தத் தூசியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இறுகிவிடும். தூசி என்றால் எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் நடுங்கும்.

எங்கள் பிரிவின் தலைவரை நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். ஒரு கண்ணாடி மூக்கில் இருக்கும், ஒன்று நெற்றியில் இருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். கெட்ட மனிதர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் எனக்குக் கோபம் வரும், அப்போது சொல்ல மனசு வராது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு புதுக் கலவை வந்தது. ஐந்து உலோகம் சேர்ந்தது. வேறு ஓர் இடத்தில் கலந்து, குண்டு குண்டாக்கி, எண் ஒட்டிய குப்பியில் அனுப்புவார்கள். கூடவே வரும் காகிதத்தில் நாலு உலோகத்தின் பெயர் இருக்கும். ஐந்தாவதுக்கு நேராக ஒரு கோடு. “அது அவங்க ரகசியம், கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம்” என்றார் கண்ணாடிக்காரர். அவருக்குத் தெரியும். நமக்கு எதற்கு என்று நான் விட்டுவிட்டேன்.

குண்டை உள்ளே வைப்பதற்கு முன் ஓர் எடை, எடுத்த பின் ஓர் எடை. எப்போதும் கொஞ்சம் குறையும். சூட்டில் ஆவியாகப் போனது. இரண்டு மில்லிகிராம், மூன்று மில்லிகிராம். ‘இழப்பு’ என்று தலைப்புப் போட்ட கட்டத்தில் எழுதுவேன். வருடக்கணக்கில் எழுதினேன். போனது எங்கே போயிற்று என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை, மடையன். கண் முன்னாலேயேதான் இருந்தது. சுருளைச் சுற்றிப் பின்னாளில் வைத்த, காற்றுப் புகாத கூண்டின் உட்சுவரிலும், எட்டிப் பார்க்கிற கண்ணாடியிலும், ஊதினால் பறக்கிற கருப்புப் பொடியாகப் படிந்திருக்கும். அதைத் துடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ஈரத் துணி ஆகவே ஆகாது. ஈரம் பட்டால் கூண்டுக்குள்ளிருந்து காற்றை இழுத்து வெளியேற்றவே ஒரு முழு நாள் பிடிக்கும். உலர்ந்த துணியால்தான் துடைப்போம்.

துடைக்கும்போது நான் முகக்கவசம் போட்டுக்கொள்வேன். அது எதற்கு என்று நினைத்திருந்தேன் தெரியுமா? என் மூச்சின் ஈரம் கூண்டுக்குள் பட்டுவிடக் கூடாது என்பதற்கு. கண்ணாடிக்காரர் அப்படித்தான் சொன்னார்: “மூக்கைக் கட்டிக்கோங்க, மூச்சு உள்ள போகக் கூடாது.” உலோகத்தை என்னிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அத்தனை வருடமும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டில் யாரும் மூக்கைக் கட்டிக்கொள்ளவில்லை.

புதுக் கலவை வந்து ஆறு மாதம் ஒன்றும் உருப்படவில்லை. எண்பது டிகிரி கீழே போவதற்குள் பளிச். நூறைத் தொட்டால் அதிசயம். கண்ணாடிக்காரர் வாயு உருளைகளை மாற்றினார். என் சுருளைச் சந்தேகப்பட்டார். எனக்கு வந்ததே கோபம்! இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. கடைசியில் இறுகிய குண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, முடி மாதிரி ஒன்று கருகி ஒட்டியிருந்த தடம் தெரிந்தது. துடைக்கிற துணியின் நூல். எங்கள் சலவைக்கூடத்தில் எந்திரத்தில் போட்டு அடிப்பார்கள், துணி ஓரமெல்லாம் பிய்ந்துதான் திரும்பி வரும்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

“ஓரம் மடிச்சுத் தைச்சிருக்காங்களா?”

“துடைக்கிற துணிக்கு யாராவது ஓரம் மடிப்பாங்களா?”

“அடேயப்பா, அறிவாளிங்க! உலோகத்தை அந்தரத்துல தொங்க விடத் தெரியுது, ஒரு துணிக்கு ஓரம் அடிக்கத் தெரியலை. கொண்டாங்க இங்க.”

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன பழைய பருத்தி விரிப்புகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் இரட்டை மடிப்பு மடித்துத் தைத்தாள். நாற்பது துணி. கையாலேயே அலசி, நிழலில் காய வைத்து, இஸ்திரி போட்டு அடுக்கிக் கொடுத்தாள். அடுத்த வாரம் சொட்டு நூற்றுத் தொண்ணூறு டிகிரி கீழே போயிற்று. அதற்கடுத்த வாரம் இருநூற்று முப்பது. கண்ணாடிக்காரர் துள்ளிய துள்ளலில் இரண்டு கண்ணாடியும் கீழே விழுந்தன. அவளுக்கு ஓர் இனிப்பு டப்பாவும், தன் கையால் எழுதிய கடிதமும் கொடுத்தனுப்பினார். “உங்கள் கைத் துணி இல்லாவிட்டால் இந்த அளவை நாங்கள் எட்டியிருக்கவே முடியாது” என்று. அதை அவள் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லோரையும் படிக்க வைத்த பிறகுதான் அளவே எடுப்பாள்.

இனிமேல் சலவைக்கூடத்துக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானமாயிற்று. வெள்ளிக்கிழமை தோறும் அழுக்குத் துணிகளைப் பையில் கட்டி வீட்டுக்கு எடுத்து வருவேன். முதல் தடவை அவள் அப்படியே தண்ணீரில் போட்டாள். கருப்பு நூலுக்குள் இறங்கிவிட்டது, என்ன தேய்த்தும் போகவில்லை. விடுவாளா? ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்தாள். “உதறிட்டு நனைக்கணும். நனைச்சா ஒட்டிக்கும், உதறினாப் போயிடும்.” பால்கனியில் நின்று ஒவ்வொன்றாகப் படார் படார் என்று உதறுவாள். வெயிலில் அந்தப் பொடி மினுங்கிக்கொண்டே போகும். சில நாள் காற்று எதிரே அடித்து அவள் தலையிலும் முகத்திலுமே வந்து விழும். “பாருங்க, உங்க சாரு எனக்கு முகத்துக்குப் பவுடர் அனுப்பியிருக்காரு” என்று சிரிப்பாள். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வருடம் இருமல் வந்தது. வறட்டு இருமல், சளியே கிடையாது. எங்கள் வீட்டுக்கு ஐம்பத்து நாலு படி. கை நிறையத் துணியோடு ஒரே ஏற்றமாக ஏறுகிறவள், இரண்டாவது மாடியில் நிற்க ஆரம்பித்தாள். கேட்டால், “கீழ்வீட்டுக்காரி கூடப் பேசிக்கிட்டு இருந்தேன்” என்பாள். ஒரு நாள் கீழ்வீட்டுக்காரி ஊரில் இல்லாதபோதும் நின்றாள். நான் அளக்க ஆரம்பித்தேன். முப்பத்தாறாவது படியில் நின்றாள். அடுத்த மாதம் முப்பதாவது. அதற்கடுத்த மாதம் பதினெட்டு. அவளிடம் சொல்லவில்லை, மனசுக்குள் எண்ணிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

நெஞ்சுப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. முதல் டாக்டர் காசநோய் என்றார். கிருமி எதுவும் அகப்படவில்லை, இருந்தாலும் மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்றார். ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார். வயிறு புண்ணானது, உடம்பு பாதியானது, இருமல் அப்படியே இருந்தது. அடுத்த டாக்டர் அவள் தொழிலைக் கேட்டார். தையல் என்றதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“அதான பாத்தேன்! பஞ்சுத் தூசி. மெஷினை மூடுங்க, துணி எல்லாத்தையும் வெளிய அனுப்புங்க. தன்னால சரியாயிடும்.”

என் தொழிலை அவர் கேட்கவில்லை. எதற்குக் கேட்பார், இருமுவது நானா?

அவள் மெஷினை மூடினாள். கம்பியில் தொங்கிய துணிகளை ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினாள். அன்றைக்கு முழுக்க ஒருவரையும் திட்டவில்லை. சாயங்காலம் காலியான கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று அழுதாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் இரண்டாம் தடவை.

“கூடத்துத் துணியையும் நிறுத்திடலாம்மா” என்றேன்.

“அது எதுக்கு? அதுல பஞ்சு ஏது? நானே ஓரம் அடிச்சது, ஒரு பிசிறு வராது. அதையும் பிடுங்கிட்டா நான் எதுக்குங்க இருக்கேன், சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்கார்றதுக்கா?”

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பிசிறே வராத துணி அல்லவா? முன்பு தையலுக்கு நடுவே அவசரமாக உதறியவள், இப்போது அந்த ஒரே வேலைதான் என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, மூன்று தடவை உதறினாள். வெயில் தாங்கவில்லை என்று பால்கனியை விட்டு முன் அறைக்குள்ளேயே உட்கார்ந்து உதறினாள். நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன். அது என்னுடைய அக்கறை!

ஐந்து மாதத்தில் பிழிய முடியாமல் போயிற்று. கைப்பிடி அளவு துணியை முறுக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அப்போதுதான் எங்கள் கூடத்தைப் பெருக்குகிற அக்கா வந்தாள். கணவன் இல்லை, மகனும் மருமகளும் கூட இருக்கிறார்கள். யார் வீட்டில் நோய் என்றாலும் கேட்காமலே போய் நிற்கிற ஆள். “தங்கச்சி படுத்துக்கட்டும் தம்பி, நாலு துணிதான, நான் என் வீட்டுல அலசித் தர்றேன்” என்றாள். கண்ணாடிக்காரருக்குக்கூட இது தெரியாது. எங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவை வீட்டுக்கு வரவழைத்து, என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக் கொடுத்தாள். அக்கா நேராகத் துணியை வாளிக்குள் போடப் போனாள்.

“ஐயோ அக்கா! எடுங்க, எடுங்க. உதறிட்டுத்தான் நனைக்கணும்.” நின்றாள், மூச்சு வாங்கினாள். “முனை ரெண்டையும் பிடிச்சு அடிச்சு உதறுங்க. பொடி ஒரு பொட்டு நிக்கக் கூடாது.”

“அம்மாடி, இதுக்கு இவ்வளவு சாஸ்திரமா!” என்று சிரித்துக்கொண்டே அக்கா உதறினாள். என் மனைவி திருப்தியாகும் வரைக்கும் உதறினாள். அதற்கப்புறம் நாலு மாதம் வெள்ளிக்கிழமைப் பை அக்கா வீட்டுக்குப் போயிற்று.

இவள் நிலைமை தேறவில்லை. பத்தாவது படியில் நிற்கத் தொடங்கியபோது, தெரிந்தவர் ஒருவர் சொல்லி வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சு டாக்டர் ஒரு பெண். பழைய படங்களை எல்லாம் வரிசையாக மாட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

இத்தனை நாளில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார். எனக்கு உற்சாகமாகிவிட்டது, வெட்கக்கேடு. சுருள், மிதக்கிற சொட்டு, உறையாமல் கீழே போவது எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி தைத்த துணியின் புகழையும் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர், துணி என்றதும் பேனாவை வைத்துவிட்டார்.

“அந்தக் கருப்புப் பொடியை யாரு உதறினது?”

“நான்தான்” என்றாள் இவள், பெருமையாக.

“கலவையில என்னென்ன உலோகம்?”

நாலு பெயரைச் சொன்னேன். “அஞ்சாவது பேரு தெரியாதுங்க. காகிதத்துல கோடு போட்டிருக்கும்.”

“கோடுன்னு ஒரு உலோகம் கிடையாதுங்க. போய் அந்தப் பேரை எழுதி வாங்கிட்டு வாங்க. இன்னிக்கே. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா பேரு தெரியாம அதுக்கான ரத்தச் சோதனையை நான் எழுத முடியாது.”

நேராகக் கூடத்துக்குப் போனேன். கண்ணாடிக்காரர் மேஜையில் ஏதோ வரைபடத்தோடு இருந்தார். ஐந்தாவது என்ன என்று கேட்டேன். ஒப்பந்தம் என்று ஆரம்பித்தார். மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை நான்.

“சார், என் பொண்டாட்டிக்கு மூச்சு நிக்குது. கோட்டுக்குப் பேரு வேணும்.”

அவர் என்னையே பார்த்தார். அவருக்கு ஏதோ புரியத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. “துடைச்ச துணியை… பொடியோடவா வீட்டுக்குக் கொண்டு போனீங்க?”

“நீங்கதான சார் பாராட்டிக் கடிதம் எழுதினீங்க?”

இரண்டு கண்ணாடியையும் கழற்றி வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் யாரோ ஒருவருடையது மாதிரி இருந்தது. “கட்டியா இருக்கறப்போ அது ஒண்ணும் பண்ணாது. பொடியாகி மூச்சுல போனாத்தான்… உங்களுக்கு முகக்கவசம் குடுத்தேனே. சொட்டுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னுதான் நான் பாத்தேன். போனதைப் பத்தி…” என்று நிறுத்திவிட்டார். காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பெரிலியம். அன்றைக்கே கூண்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த ‘இழப்பு’க் கட்டத்தைத் தினமும் நிரப்பியவன் நான்தான்.

எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். வெளியூருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டிய சோதனை, இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். வீட்டுக்குப் போக வேண்டாம், அந்த முன் அறையில் கால் வைக்கவே வேண்டாம் என்று சொல்லி, டாக்டர் அவளை அங்கேயே சேர்த்துக்கொண்டார். வீட்டில் குழாய் ஒழுகுகிறது, சுவருக்குப் பூச்சு வேலை நடக்கிறது என்று அவளிடம் ஒரு பொய் சொன்னேன். எதற்கு என்றால், இன்னும் உறுதியாகவில்லையே! அளவு கையில் வராமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற புத்தி. இருபது வருடம் அதில் ஊறிப்போனவன். அந்த இரண்டு வாரமும் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காலையில் அவள் கட்டில் பக்கத்தில் உட்காருவேன், மத்தியானம் வெளியே போய் மரத்தடியில் உட்காருவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

பதினாறாவது நாள் காலை பதினோரு மணிக்கு டாக்டர் காகிதத்தோடு வந்து என்னை வெளியே கூப்பிட்டார். எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அதேதான். சிலர் உடம்பு அந்தப் பொடியைச் சும்மா விட்டுவிடும், சிலர் உடம்பு அதோடு சண்டை போட்டுத் தன் நுரையீரலையே புண்ணாக்கிக்கொள்ளும், யார் எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். போன மூச்சு வராது. இருப்பதை மாத்திரையால் பிடித்து வைக்கப் பார்க்கலாம். காலையும் மாலையும் ஆக்சிஜன் வேண்டியிருக்கும். இனி ஒரு பொட்டுப் பொடிகூட அவள்மேல் படக் கூடாது. நான் தலையை ஆட்டினேன். எனக்கு ஒன்றுமில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதை நெஞ்சில் அடித்துச் சொல்கிறேன். எனக்கும் வந்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி, பொடி, உதறியது, கோட்டின் பெயர். மூக்கில் குழாயோடு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும், தலையில் அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“என்னிக்குத் தெரியும் உங்களுக்கு?” என்றாள்.

“சந்தேகமா… பதினாறு நாளா.”

“அக்காகிட்ட சொன்னீங்களா?”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பதினாறு நாளில் அக்காவின் முகம் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. கூண்டைப் பூட்டுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் கையில் இரண்டு பை கொடுத்திருந்தேன். கண்ணாடிக்காரருக்கு அவள் விஷயமே தெரியாது. சொல்ல இந்த உலகத்தில் ஆள் நான் ஒருவன்தான்.

“சொல்லலை” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத மாட்டேன். கையை நீட்டினாள். “போனைப் போடுங்க.”

“நான் பேசறேன்மா, நீ மூச்சு விட…”

“போடுங்கன்னேன். நான்தான சொல்லிக் குடுத்தேன்? நான்தான் சொல்லணும்.”

போட்டுக் கொடுத்தேன். நாலாவது மணியில் அக்கா எடுத்தாள். எப்போதும்போல ஊருக்கே கேட்கிற குரல்.

“தங்கச்சியா! எப்படிம்மா இருக்கே? நீ துணியைப் பத்திக் கவலையே படாதே. மேல என்னமோ பூட்டிக் கிடக்கு, யாரும் வந்து வாங்கலை, ஆனா நான் ரெண்டு பையும் முடிச்சு அடுக்கி வெச்சுட்டேன். எனக்குத் தோள்பட்டை வலிம்மா, இப்பல்லாம் மருமகதான் உதறுறா. நல்லா உதறுறா, உன்னை மாதிரியே. வயித்துப் பிள்ளையோட எதுக்குடின்னா கேக்க மாட்டேங்குறா.”

என் மனைவி வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் போனுக்குக் கையை நீட்டினேன், அவள் என் கையைத் தள்ளிவிட்டாள். குழாயை மூக்கில் அழுத்திக்கொண்டு இழுத்தாள். “அக்கா” என்றாள். நின்றாள். “அக்கா, நான்…”

“மெதுவாச் சொல்லு தங்கச்சி” என்றாள் அக்கா, “எனக்கு ஒண்ணும் அவசரமில்லை.”